டிரெய்லருக்கு எல்இடி மாட்டும் மகாஜனங்களே!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது யாரையும் திட்டுவதற்காக எழுதியது அல்ல. சரி, பொய். திட்டுவதற்காகத்தான் எழுதுகிறேன். திட்டு வாங்குபவர்கள் பட்டியலில் முதல் ஆள் நானே என்பதால் மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

போன வாரம் லேபில் வகுப்புத் தோழர் ஒருவர் ஒரு வீடியோ காட்டினார். முப்பது வருடப் பழைய டிராவல் டிரெய்லர் ஒன்றை ஒரு கணவனும் மனைவியும் வாங்கி, இரண்டே வாரத்தில் புத்தம் புதுசாக ஆக்கிவிட்டார்களாம். பழுப்பு அலமாரி எல்லாம் வெள்ளை பெயின்ட். ஜன்னலுக்குப் புதுத் திரை. கூரையோரம் ரிமோட்டில் நிறம் மாறும் எல்இடி பட்டை. வெளியே சுற்றிலும் எல்இடி விளக்கு. பன்னிரண்டு நிமிட வீடியோ. அதில் கேமரா வண்டிக்கு அடியில் போனது எத்தனை நொடி தெரியுமா? ஒரு நொடி கூட இல்லை. "சூப்பரா இருக்குல்ல? நீங்களும் இப்படித்தானே பண்ணீங்க?" என்று கேட்டார் தோழர்.

ஆமாம், இப்படித்தான் பண்ணினோம். பண்ணியதால் என்ன நடந்தது என்று சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

தெரியாதவர்களுக்கு: டிராவல் டிரெய்லர் என்பது இன்ஜின் இல்லாத, சக்கரம் வைத்த வீடு. பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உண்டு. அமெரிக்காவில் இந்த வண்டிகளில் பெரும்பகுதி நான் படிக்கும் இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில்தான் தயாராகிறது. அதனால் இங்கே தெருவுக்கு ஒன்றாவது புல் முளைத்து நிற்கும். 2024 மே மாதம் நான், மதுரைக்காரன், பிக்கப் வைத்திருக்கும் சீனியர் அண்ணன் ஆகிய மூவரும் பங்கு போட்டு அப்படி ஒன்றை வாங்கினோம். 1996 மாடல், இரட்டை ஆக்சில், விலை 2,900 டாலர். கோடை விடுமுறையில் நாலு தேசியப் பூங்காவாவது பார்த்துவிட வேண்டும், ஹோட்டல் வாடகை கட்டுப்படியாகாது, அவ்வளவுதான் காரணம்.

விற்றவர் "லைட் எல்லாம் எரியும்" என்றார். எரியவும் செய்தது. மஞ்சளாக, ரத்தசோகை வந்தது போல. "பழைய பல்பு, அப்படித்தான் இருக்கும்" என்று மூன்று பொறியியல் பட்டதாரிகள் ஒருமனதாகத் தீர்மானித்தோம். அதில் ஒருவன் எலக்ட்ரிகல். யார் என்று கேட்காதீர்கள் :-)

பிறகு 180 டாலருக்கு எல்இடி. பின் விளக்கு, கூரையோர விளக்கு, உள் விளக்கு எல்லாவற்றையும் மாற்றினோம். பளிச்! வண்டிக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. கூடவே பெயின்ட்டும் அடித்தோம். அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. இங்கே பல டிரெய்லர் பூங்காக்களில் 10 வருட விதி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வண்டிக்கு 10 வயது தாண்டிவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், அல்லது போட்டோ அனுப்பச் சொல்வார்கள். போட்டோவில் அழகாக இருந்தால் அனுமதி. பிரேக் பிடிக்குமா என்று எவரும் கேட்பதில்லை. அழகான வண்டி நல்ல வண்டி என்று இப்படித்தான் ஒரு ஊரே நம்பப் பழகியிருக்கிறது. இந்தியானாவில் வாகனங்களுக்கு வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனையும் கிடையாது. ஆக, வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டிய ஒரே ஆள் அதன் சொந்தக்காரர்தான். அந்தச் சொந்தக்காரர்கள் மூவரும் பெயின்ட் பிரஷ்ஷோடு உள்ளே இருந்தோம்.

ஜூலையில் ஸ்மோக்கி மலைக்குக் கிளம்பினோம். கிளம்புமுன் சோதனை எல்லாம் செய்தோம், அது இல்லாமல் இல்லை. அண்ணன் பிரேக்கை மிதிக்க, நான் பின்னால் நின்று "எரியுது" என்றேன். இடது இண்டிகேட்டர், எரியுது. வலது, எரியுது. கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு ஏறிக்கொண்டேன்.

கென்டக்கியைத் தாண்டி டென்னசிக்குள் நுழைந்ததும், ஜெல்லிகோ பக்கம் 75-ஆம் எண் நெடுஞ்சாலை மலையேறி இறங்கும். இரவு ஒன்பதரை மணி இருக்கும். இறக்கத்தில் அண்ணன் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் பின்னால் ஒரு பெரிய டிரக் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. "என்னடா இவன், நம்மள ஓரங்கட்டப் பாக்குறான்" என்று மதுரைக்காரன் கடுப்பானான். வண்டி வேறு தள்ளிக்கொண்டே போனது. பிரேக் ஏதோ பஞ்சை மிதிப்பது போல இருக்கிறது என்று அண்ணன் சொன்னார். இறக்கம் முடிந்து பெட்ரோல் பங்க்கில் ஒதுங்கினோம். அந்த டிரக்கும் பின்னாலேயே வந்து நின்றது. இறங்கி வந்த டிரைவர் கோபப்படவில்லை. அவர் முகத்தில் இருந்தது பயம். அவர் சொன்னது இதுதான்: "நீங்கள் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உங்கள் பின்பக்க விளக்குகள் அணைகின்றன. அழுத்திப் பிடித்தால் மொத்தமாக இருட்டு. இரண்டு தடவை உங்கள் மேல் ஏறியிருப்பேன்."

இன்னொரு தரம் படியுங்கள். பிரேக் பிடித்தால் எரிய வேண்டிய விளக்கு, பிரேக் பிடித்தால் அணைகிறது. ஊரில் இரவு நேரத்தில் விளக்கில்லாத கரும்பு டிராக்டருக்குப் பின்னால் பைக்கில் போனவர்களுக்கு இது என்ன என்று வயிற்றில் புரியும்.

மெதுவாக ஊர்ந்து, பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை பக்கத்து இடத்தில் தங்கியிருந்த ஒரு பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னோம். ஓய்வுபெற்ற மெக்கானிக். அவர் விளக்கு எதையும் தொடவில்லை. தன் வண்டியிலிருந்து ஜம்பர் கேபிளை எடுத்துவந்து, ஒரு முனையைப் பிக்கப்பின் சேசிஸில், இன்னொரு முனையை டிரெய்லரின் சேசிஸில் கவ்வ வைத்தார். பிரேக் கன்ட்ரோலரின் கை நெம்புகோலை முழுசாக அழுத்தச் சொன்னார். எல்லா விளக்கும் பளீரென்று நின்றது. கேபிளை எடுத்தார். அணைந்தது. ஐந்து நிமிட வேலை. நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் எவரிடம் கேட்டாலும் பீடியைக் கூட வாயிலிருந்து எடுக்காமல் சொல்லியிருப்பார்: "பாடி எர்த் இல்ல தம்பி."

இனி விஷயத்துக்கு வருவோம். கொஞ்சம் கணக்கு வரும், ஓடிவிடாதீர்கள்.

பிக்கப்பிலிருந்து டிரெய்லருக்கு ஏழு முனை பிளக் ஒன்று போகிறது. விளக்கு, இண்டிகேட்டர், பிரேக் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஒயர். ஆனால் திரும்பி வருவதற்கு ஒரே வெள்ளை ஒயர். அது டிரெய்லரின் முன்பக்க இரும்பில் ஒரு போல்ட்டில் மாட்டியிருக்கும். எங்கள் வண்டியில் அந்த போல்ட் 28 வருட மழையிலும் சாலை உப்பிலும் ஊறித் துருவாகிவிட்டது. மீதி மின்சாரம் கிரீஸ் தடவிய ஹிட்ச் பந்து வழியாகக் குலுங்கிக் குலுங்கித் திரும்பிக்கொண்டிருந்தது. சுமார் அரை ஓம் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பல்புகள் எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 4 ஆம்பியர் இழுக்கும். அரை ஓமில் 2 வோல்ட் அங்கேயே போய்விடும். பல்பு மஞ்சளாகத்தான் எரியும். அதாவது அந்த மஞ்சள் வெளிச்சம் "எனக்குத் திரும்பி வர வழியில்லை" என்று எங்களிடம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் அதைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டினோம். எல்இடி மொத்தமும் சேர்ந்து 1 ஆம்பியர் கூட இழுக்காது. அரை வோல்ட்டுக்கும் குறைவான நஷ்டம். பளிச். நோய் அப்படியே இருக்க, காய்ச்சல் அளக்கும் கருவியைத் தூக்கிக் குப்பையில் போட்டோம்.

ஆனால் பிரேக் எல்இடி அல்ல. இந்த வண்டிகளில் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு மின்காந்தம் இருக்கும். ஒன்றுக்குச் சுமார் 3 ஆம்பியர், நான்குக்கு 12. அதே துருப்பிடித்த போல்ட் வழியாகத்தான் அதுவும் திரும்ப வேண்டும். அழுத்திப் பிடித்தால் அங்கே 4 வோல்ட் வரை காணாமல் போகும். பிரேக்குக்கு 8 வோல்ட்தான் கிடைக்கும், பஞ்சு போல இருக்காமல் என்ன செய்யும்? விளக்குக்கும் அதே 8 வோல்ட்தான். பழைய பல்பாக இருந்தால் கால்வாசி வெளிச்சமாவது மிச்சம் இருந்திருக்கும். எல்இடியில் சில ரகம் மங்கும், சில ரகம் அந்த வோல்ட்டில் எரியவே எரியாது. எங்களுடையது இரண்டாவது ரகம்.

வீட்டில் சோதித்தபோது ஏன் தெரியவில்லை? எங்கள் பிரேக் கன்ட்ரோலர் வண்டியின் வேகம் குறைவதை உணர்ந்து அதற்கேற்ப மின்சாரம் அனுப்பும் வகை. நிற்கும் வண்டியில் பெடலை மிதித்தால் கொஞ்சூண்டு அனுப்பும். விளக்கு நன்றாக எரியும். நான் கட்டை விரலை உயர்த்துவேன். மலை இறக்கத்தில்தான் அதன் முழு பலமும் வரும். சோதனைக்கு அந்தக் கை நெம்புகோலைத்தான் அழுத்திப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சரி செய்ய ஆன செலவு? இரும்பைப் பளபளப்பாகும் வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது ஒயர், வளைய முனை, பல் வாஷர், மேலே துரு பிடிக்காமல் கிரீஸ். 20 டாலருக்குள். எல்இடிக்கு 180. இந்த இரண்டு எண்களை மட்டும் அந்த வீடியோ தம்பதிக்கு அனுப்ப ஆசை.

"அப்போ எல்இடியே கூடாதா?" என்று தோழர் கேட்டார். கூடும், கூடும். நான் எல்இடிக்கு எதிரி அல்ல. உள்ளே எட்டு பழைய பல்பு, ஒன்றுக்கு 1.4 ஆம்பியர், மாலை நாலு மணி நேரம் எரித்தால் 45 ஆம்பியர்-மணி காலி. சாதாரண ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் உறிஞ்சக்கூடாது என்பார்கள். 80 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் ஒரு மாலைக்கே தாங்காது. எல்இடியில் ஆறேழு ஆம்பியர்-மணியில் முடிந்துவிடும். அருமையான பொருள். நான் சொல்வது வரிசையைப் பற்றி. பந்தியில் பாயசத்தை முதலில் ஊற்றிவிட்டுச் சோறு போட மறப்பதைப் பற்றி.

சோறு என்னென்ன என்று அதற்கப்புறம் ஒரு மாதம் வண்டிக்கு அடியில் படுத்துக் கற்றுக்கொண்டோம். பிரேக்அவே ஸ்விட்ச் என்று ஒன்று இருக்கிறது. டிரெய்லர் பிக்கப்பிலிருந்து கழன்றுகொண்டால் ஒரு கம்பி இழுபட்டு ஒரு ஊசி வெளியே வரும், உடனே டிரெய்லரின் சொந்த பேட்டரியிலிருந்து மின்சாரம் போய் அதன் பிரேக்குகள் தானாகப் பிடிக்கும். உயிர் காக்கும் சாதனம். எங்கள் வண்டியில் ஊசியை இழுத்துப் பார்த்தோம் (பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் இழுக்க வேண்டும், இல்லையென்றால் கன்ட்ரோலர் கெட்டுப்போகலாம்). ஒன்றும் நடக்கவில்லை. முந்தைய சொந்தக்காரர்களில் ஒரு புண்ணியவான் அந்த ஒயரை வெட்டி டேப் சுற்றி வைத்திருந்தார். ஏன் என்று இன்றுவரை புரியவில்லை. பிரேக் ஒயர் ஒன்று ஆக்சில் குழாய்க்குள்ளே போகிறது, அது உள்ளே உரசி உரசித் தோல் உரிந்திருந்தது. இதுவும் பழைய டிரெய்லர்களில் வழக்கமான வியாதியாம்.

நிறம் ஒரு தனி நரகம். வீட்டுக் கரண்டில் இங்கே கறுப்பு ஒயர் என்றால் உயிருள்ள ஒயர். கார்க்காரர்களுக்குக் கறுப்பு என்றால் எர்த். டிரெய்லரின் 12 வோல்ட்டில் கறுப்பு பாசிட்டிவ், வெள்ளை எர்த். கார் ஸ்டீரியோ மாட்டிப் பழகியவர் வந்து கறுப்பைச் சேசிஸில் வைத்தால், பியூஸ் இருந்தால் பியூஸ் போகும். இல்லாவிட்டால் ஒயரே பியூஸ் ஆகிவிடும். பழைய டிராவல் டிரெய்லர்களில் பச்சை என்பது பின் விளக்கு, பழுப்பு என்பது வலது இண்டிகேட்டர். கடையில் விற்கும் சாதாரண டிரெய்லர் பிளக்கிலோ பழுப்புதான் பின் விளக்கு, பச்சைதான் வலது இண்டிகேட்டர். நிறத்துக்கு நிறம் முடிச்சுப் போட்டால் இண்டிகேட்டர் போடாமலே வலது விளக்கு எரிந்துகொண்டிருக்கும். நிறத்தை நம்பாதீர்கள், டெஸ்ட் லைட்டை வைத்து முனைக்கு முனை பாருங்கள். அப்புறம், ஒயரை வெட்டாமல் நடுவில் கவ்வுகிற நீல பிளாஸ்டிக் கிளிப் விற்கிறார்களே, அதை மழை படும் இடத்தில் மாட்டுகிறவரை அந்த ஒயராலேயே கட்டிப்போட வேண்டும்.

கூரையோர விளக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 80 அங்குலத்துக்கு மேல் அகலமான வண்டிக்கு அது சட்டப்படி கட்டாயம். முன்னால் மஞ்சள், பின்னால் சிவப்பு, நடுவில் மூன்று. ஒவ்வொரு விளக்குக்கும் சுவரில் ஒரு ஓட்டை, இரண்டு ஸ்க்ரூ. அதாவது மழைத்தண்ணீருக்கு மூன்று வாசல். உள்ளே இருப்பது மரச்சட்டம். நாங்கள் புது விளக்கு மாட்டும்போது ஒரு ஸ்க்ரூ பிடிப்பே இல்லாமல் சுற்றியது. "மரம் பழசு" என்று பெரிய ஸ்க்ரூவாகப் போட்டு அடைத்தோம். பல்பு மஞ்சளாக எரிந்ததற்குச் சொன்ன அதே பதில், கவனித்தீர்களா? பழசு என்று சொல்லிவிட்டால் ஏன் என்று கேட்கத் தேவையில்லை. அந்த இடத்தை இப்போது விரலால் அழுத்தினால் ஈரக் கேக் மாதிரி உள்ளே போகிறது. விளக்கின் பின்னால் பியூட்டைல் டேப் வைத்து அடைத்திருக்க வேண்டும்.

உள்ளே கன்வெர்ட்டர் என்று ஒரு பெட்டி. வெளிக்கரண்ட் 120 வோல்ட்டை 12 ஆக்கிப் பேட்டரிக்கும் சார்ஜ் கொடுப்பது. அந்தக் காலத்துப் பெட்டிகள் ரீங்காரம் போட்டுக்கொண்டு பேட்டரித் தண்ணீரைக் கொதிக்கவைத்தே தீர்த்துவிடும். மலிவான எல்இடிகள் அதில் படபடவென்று அடித்துச் சீக்கிரம் சாகும், நாம் எல்இடி கம்பெனியைத் திட்டுவோம். இதற்கு லித்தியம் பேட்டரி போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. பழைய பெட்டியின் வோல்ட் அதை முழுதாக நிரப்பாது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் அது கெட்டும் போகும். இந்தியானா ஜனவரியைப் பார்த்தவர்கள் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.

கேஸைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. புரொப்பேன் காற்றைவிடக் கனம், தரையோடு படுத்துக்கொள்ளும், அதனால்தான் அதைக் கண்டுபிடிக்கும் கருவி முழங்கால் உயரத்தில் இருக்கிறது. அதற்கும் காலாவதி உண்டு, பொதுவாக 5 முதல் 7 வருடம். எங்களுடையதைக் கழற்றிப் பின்புறம் பார்த்தால், அது காலாவதியானபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அதன் மூடிக்கும் சேர்த்து வெள்ளை பெயின்ட் அடித்திருந்தோம், அழகாக இருக்கட்டும் என்று.

எதிர்முகாமிலும் ஒரு கோஷ்டி இருக்கிறது. "இத்தனை தொல்லை எதுக்கு, பழசைத் தூக்கிப் போட்டுட்டுக் கடன்ல புதுசு வாங்கு" என்பவர்கள். 10 வருட விதி போடுகிறவர்களும் இவர்களும் ஒரே ஜாதி. இவர்கள்மீது எனக்குக் கோபம் இன்னும் அதிகம். எங்கள் வண்டியில் கெட்டுப்போனது போல்ட், ஒயர், காலாவதியான ஒரு பெட்டி. எல்லாம் கைக்கு எட்டுகிற, விலைக்குக் கிடைக்கிற, ஒரு மாணவனால் சனிக்கிழமையில் மாற்ற முடிகிற பொருள்கள். புது வண்டியிலும் அதே வெள்ளை ஒயர், அதே ஒரு போல்ட், அதே உப்புச் சாலைதான். பத்து வருடம் கழித்து அதுவும் மஞ்சளாக எரியும். அன்றைக்கும் குனிந்து பார்க்கத் தெரியாதென்றால் வண்டி எத்தனை தடவை மாறி என்ன பிரயோஜனம்? பழசைத் தூக்கிப் போடச் சொல்பவரும் பெயின்ட் அடிக்கச் சொல்பவரும் எதிரெதிர்க் கட்சி போலத் தெரியும். இருவருமே வண்டிக்கு அடியில் படுக்கமாட்டார்கள்.

"எங்களுக்கு எலக்ட்ரிகல் தெரியாதே" என்று சொல்பவர்களுக்கு: எங்களில் ஒருவனுக்குத் தெரியும், அவன்தான் எல்இடி ஆர்டர் போட்டான்.

அந்த டிரக் டிரைவரின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்ததால் நன்றி சொன்னோமா என்பது கூட எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

வண்டி இப்போது அண்ணன் வீட்டுப் பின்புறம் நிற்கிறது. வரும் சனிக்கிழமை பின் இடது கூரையோர விளக்கைக் கழற்றி, மரம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்கப்போகிறோம். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் பழைய சட்டை போட்டுக்கொண்டு வரவும். வகுப்பில் டிரெய்லர் வாங்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு திரியும் இரண்டு பேருக்கு: என் மேசை மேல் மல்டிமீட்டர் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். ஒரு முனை பிக்கப் பேட்டரியின் நெகட்டிவில், இன்னொன்று டிரெய்லரின் பின் விளக்கு எர்த்தில், நெம்புகோலை முழுசாக அழுத்திப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பெயின்ட் டப்பாவை மூடி வைத்துவிட்டு என்னிடம் வாருங்கள். மீட்டரைத் திருப்பித் தரும்போது அணைத்துவிட்டுத் தரவும், போன தடவை வாங்கிப்போனவர் என் 9 வோல்ட் பேட்டரியைக் காலி பண்ணிவிட்டார்.